பிரண்டைக்குப் பரிசு வேண்டாம் என்பது குறித்து

மத்திகிரி,
நவம்பர் 9, ஞாயிறு மாலை.

அனுப்புநர்: மா. தர்ஷினி, பயிற்சிப் பணியாளர், தர ஆய்வுப் பிரிவு.
பெறுநர்: திரு. கமலக்கண்ணன் அவர்கள், ஆசிரியர், 'நம் பட்டறை' மாத இதழ், மனிதவளத் துறை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துறையினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் நலம். நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கேன்டீனில் எனக்கு மூன்று மேசை தள்ளித்தான் தாங்கள் உட்காருகிறீர்கள். செவ்வாய்க்கிழமை தட்டோடு எழுந்து தங்கள் மேசை வரைக்கும் வந்தேன். தாங்கள் நிமிர்ந்து பார்த்து, "ஊறுகாயா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் ஊறுகாய் சாப்பிடுவதில்லை.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை நடக்கும் தர மாத விழாவில் 'வீட்டிலும் கைசன்' முதல் பரிசு எனக்கு என்றும், பரிசை வாங்கிக்கொண்டு மூன்று ஷிப்டுக்காரர்கள் முன்னிலையில் நான் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றும் நோட்டீஸ் போர்டில் தங்கள் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. தலைப்பு: 'பிரண்டை வளர்த்தேன், அப்பாவின் முட்டி வலியை ஓட்டினேன்'. கைசன் என்றால் சின்னத் திருத்தம், பெரிய பலன் என்று அதன் கீழேயே விளக்கமும் போட்டிருக்கிறீர்கள். ஐயா, என் விஷயத்தில் திருத்தங்கள் மொத்தம் நான்கு. பலன் அரிப்பு. ஆகவே என் பெயரை எடுத்துவிட்டு, வாய் திறந்து பேசக்கூடிய வேறு யாருக்காவது அந்தப் பரிசைக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பேச வராதவர்களுக்கு எழுத்து நீண்டுவிடுகிறது.

முதல் காரணம், அந்த கைசனை நான் எழுதிப் போடவே இல்லை. நம் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் இருக்கும் சின்னராஜ் அண்ணன் எங்கள் ஆறு வீட்டு வாடகை வரிசையில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறார். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரர், நல்ல மனுஷர். ஆளுக்கு மாதம் இரண்டு கைசன் பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை வரை அவரிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தண்ணீர் கேனை இரண்டடி தள்ளி வைத்தது. அதனால் எங்கள் வீட்டுப் பிரண்டையை, செய்தவர் நான், எழுதியவர் தான் என்று எழுதிப் போட்டுவிட்டார். "பரிசு கெடைச்சா உனக்கு பாப்பா, எனக்குக் கணக்குல ஒண்ணு ஏறுனா போதும்" என்றார். கூடவே 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்கள் வைத்திருக்கிறார் அல்லவா, அதில் 'முன்பு' என்பது அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பது. 'பின்பு' என்பது அப்பா எழுந்து நிற்பது. இரண்டும் ஒரே சாயங்காலம் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. சட்டை ஒன்று, கையில் இருக்கும் டீ கிளாஸும் ஒன்று. இரண்டாவது படத்தில் டீ கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம். முட்டி வலி அறுபது சதவீதம் குறைவு என்று எப்படிப் போட்டீர்கள் என்று சின்னராஜ் அண்ணனிடம் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "நூறு போட்டா நம்ப மாட்டாங்க அக்கா, அம்பது போட்டா பரிசு வராது" என்று பதில் வந்தது.

உண்மை நிலவரம் என்னவென்றால், என் அப்பா மாடசாமி வேறொரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை, பதினான்கு வருஷமாக. போன தை மாதம் முட்டி வீங்கிப்போய் ஈ.எஸ்.ஐ. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே வாரம் சங்கரன்கோவிலிலிருந்து வந்த மாமா ஈரச் சாக்கில் சுற்றி நாலு முழம் பிரண்டையைக் கொண்டுவந்தார். எலும்புக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் துவையல் அரைப்போம். பாதியை அம்மா அப்போதே அரைத்துவிட்டார். சின்னராஜ் அண்ணன் கொடுத்த காலி பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மீதியைக் கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு வைத்தேன். தண்ணீர் கேட்கவில்லை, எரு கேட்கவில்லை. யார் கவனிப்பும் இல்லாமல் வாசல் தூணில் ஏறி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து, ஆறு வீடும் தாண்டி ஓனர் அம்மா வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. முட்டி வீங்கின அதே தை மாதம் அப்பாவின் கம்பெனியில் நிற்கிற இடத்தில் ரப்பர் மேட் போட்டார்கள். ஐயா, மாத்திரை, துவையல், ரப்பர் மேட் மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால் வலி எதனால் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று தர ஆய்வில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். நேர்மையாகப் பார்த்தால் பரிசை அந்த மேட்டுக்குக் கொடுக்கலாம். அது பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கொடியால் அப்பாவுக்கு வந்த கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பியில் காய்ந்த அவருடைய யூனிபார்ம் சட்டைக் காலரை ஒரு நுனி சுருண்டு பிடித்துக்கொண்டது. காலை ஷிப்டு அவசரத்தில் அவர் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தி, "அண்ணே, கழுத்துல என்ன?" என்று கேட்டிருக்கிறார். "பிரண்டை." "மெட்டீரியலா?" "இல்ல தம்பி, துவையல் அரைக்கது." வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் எழுத வேண்டும் என்று ரெஜிஸ்டரில் 'பச்சைத் தண்டு, நான்கு அங்குலம், எண்ணிக்கை ஒன்று, திருப்பி எடுத்துச் செல்ல வேண்டியது' என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அப்பா உள்ளே போனதும் அதைக் கேன்டீன் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், உள்ளே வந்தது வெளியே போக வேண்டும், ரெஜிஸ்டரில் இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்களாம். கம்பெனி பஸ் முழுக்க ஆட்கள் காத்துக்கொண்டிருக்க, அப்பா திரும்பப் போய்த் தொட்டியைக் கிளறி, சாம்பாரில் ஊறின தண்டைக் கண்டுபிடித்துக் கழுவிக் கொண்டுவந்தார். செக்யூரிட்டி ஸ்கேல் வைத்து அளந்து, "அரை அங்குலம் கொறையுதே அண்ணே" என்றாராம். "வாடிப்போச்சுன்னு எழுதிக்கோ தம்பி, நான் என்ன தின்னுட்டா வந்தேன்" என்று அப்பா சொன்ன பிறகுதான் விட்டிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அப்பாவுக்குப் பெயர் அரை அங்குலம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். கொடி படர்ந்ததும் ஆறு வீட்டிலும் ஒடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முற்றின தண்டை ஒடிக்கிறார்கள், நாரோடு அரைக்கிறார்கள். இளந்தண்டாகப் பார்த்து எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. காலேஜில் கடைசி வாய்மொழித் தேர்வில் பெயர் கேட்டபோதே ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினவள் நான். நம் கம்பெனியில் மிஷின்களுக்குப் பக்கத்தில் தொங்கும், வேலையைப் படிப்படியாகச் சொல்லும் எஸ்.ஓ.பி. தாள்களைத் தமிழில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டுவது என் வேலைகளில் ஒன்று. அதே மாதிரி பிரண்டைத் துவையலுக்கும் ஒரு எஸ்.ஓ.பி. தயாரித்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டம் போட்டு, தேவையான பொருள், அளவு, நேரம் எல்லாம் எழுதித் தூணில் மாட்டினேன். ஒரு கைப்பிடி இளந்தண்டு, நார் உரித்து, நல்லெண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி, புளி, மிளகாய், உளுத்தம்பருப்பு சேர்த்து அரைக்கவும். அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தோடு பார்த்து எழுதியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுக்கு எதுக்குத் தாளு? வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா ஆறு வீட்டுக்கும் கேக்கும்லா?" என்றார். சத்தம் கொடுக்க முடிந்தால் நான் ஏன் பிளாஸ்டிக் உறை வாங்கப் போகிறேன்.

ஐயா, எங்கள் வரிசையில் எல்லோரும் கம்பெனி ஆட்கள். உறை போட்ட தாளுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. தாளில் இருந்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். நார் உரிக்கும் முன்னால் கையில் எண்ணெய் தடவ வேண்டும் என்பது தாளில் இல்லை. அம்மா அன்றைக்குத் தோசைக்கு எண்ணெய் விட்ட கையோடு பிரண்டையை எடுத்ததால் அது தனி வேலையாக என் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் பகல் குழாயடியில் சின்னராஜ் அண்ணன் வெறும் கையால் நார் உரித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"பாப்பா, கை அரிக்குது. எஸ்.ஓ.பி.ல அரிப்புப் பத்தி ஒண்ணும் போடல. நிறுத்திட்டேன். கூப்புட்டுட்டேன். இப்ப காத்துக்கினு இருக்கறேன்."

கோளாறு வந்தால் நிறுத்து, கூப்பிடு, காத்திரு என்று மிஷினுக்கு மிஷின் நாம் ஒட்டி வைத்திருப்பதை ஒரு மனுஷர் வீட்டிலும் கடைப்பிடிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உடனே ஒரு தாளில் 'திருத்தம் 1: கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்ட பின் நார் உரிக்கவும்' என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "சரி பாப்பா, தடவாம உரிச்சவன் என்னா பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'திருத்தம் 2: தவறினால் புளித்தண்ணீரில் கை கழுவவும்' என்று எழுதித் தள்ளினேன். "புளி எங்க ரூம்ல இல்லியே" என்றார். நான் புளி டப்பாவை எடுத்து வைத்து, கதவை எவ்வளவு திறந்தால் டப்பா மட்டும் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டார். "ஏன்ப்பா போலீஸ்ல பிடிச்ச மாதிரி நிக்க?" என்று கேட்டு, அரை நிமிடத்தில் காரியத்தை முடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது திருத்தம் முற்றின தண்டு பற்றியது, அதில் யாருக்கும் சேதம் இல்லை.

நான்காவது திருத்தத்தை நான் எழுதி முடிக்கவே இல்லை. அதுதான் உண்மையான காரணம். ஆடி மாதம் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஓனர் நாராயணம்மா எங்கள் வரிசைக்காரர்களைக் கூப்பிட்டு, "ராகிக் கூழு நாங்க பாத்துக்கறோம், தொட்டுக்க நீங்க நல்லேரு துவையல் பண்ணுங்க" என்றார். பிரண்டைக்கு அவர்கள் வீட்டில் சொல்லும் பெயர் நல்லேரு. சின்னராஜ் அண்ணன்தான் பொறுப்பு. நாலு கிலோ பிரண்டை, வாடகைக்கு எடுத்த பெரிய கடாய், கையெல்லாம் எண்ணெய், எல்லாம் திருத்தம் 3 வரைக்கும் சுத்தமாகக் கடைப்பிடித்திருந்தார். அடுப்பில் போட்டதும் செல்போனில் மூன்று நிமிடம் வைத்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கைப்பிடிக்குத்தான் மூன்று நிமிடம். நாலு கிலோ பச்சை மாறி வதங்க அரை மணி நேரமாவது ஆகும். செல்போன் அடித்தது. கடாயில் இருந்தது இப்போதுதான் ஒடித்த மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தர், "இன்னும் கொஞ்சம் வதக்கலாமா அண்ணா?" என்று கேட்டார். "எஸ்.ஓ.பி.ல மூணு நிமிசம். நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு சின்னராஜ் அண்ணன் கடாயை இறக்கிவிட்டார்.

இன்னும் வதக்குங்க அண்ணே. நாலு வார்த்தைகூட இல்லை, மூன்றுதான். அங்கே இருபது பேர் நின்னாங்க ஐயா, எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. ஓடிப்போய் தாளை எடுத்து 'திருத்தம் 4' என்று எழுதி, அளவு ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம் கட்டம் போட ஆரம்பித்தேன். ஸ்கேலைத் தேடினேன். ஸ்கேல் இல்லாமலும் கோடு போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது கட்டம் முடிவதற்குள் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

நாற்பது பேர் சாப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தராகத் தொண்டையைச் செருமினார்கள். பிறகு எல்லோருமாகச் செருமினார்கள். மைக்கில் உபயதாரர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தவர் பதினேழாவது பெயரில் நின்றுவிட்டார், அதற்கு மேல் ஸ்பீக்கரில் செருமல்தான் வந்தது. பதினெட்டாவது பெயர்க்காரர் இன்றுவரை வருத்தத்தில் இருக்கிறார். மோர், வெல்லம், புளித்தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு ஓட்டமாக ஓடி, இருட்டுவதற்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது, யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட ஓயாத நாராயணம்மாவின் குரல் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் திட்டவே இல்லை. அந்த அமைதி நன்றாக இருந்ததாக இரண்டாம் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் குரல் வந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். வாளியைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். வாளியைப் பார்க்கக்கூட இல்லை. "ஏமம்மா, ஜன்னல்ல நின்னு பாத்துக்கினுதானே இருந்தே? பச்சையா இருக்குதுன்னு தெரியாதா உனக்கு? நோரு லேதா? வாய் இல்லியா?" என்று கேட்டார். சின்னராஜ் அண்ணன் மட்டும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அது ட்ரையல் பாப்பா. ட்ரையல்ல ரிஜெக்ட் வரத்தான் செய்யும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐயா, நாற்பது பேர் தொண்டை அரிக்கப்போகிறது என்று தெரிந்தும் மூன்று வார்த்தை சொல்லாமல் ஸ்கேல் தேடினவள் நான். என்னை மேடையில் ஏற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று வேறு அறிமுகம் செய்வீர்கள். அப்பா அதற்காகவே அன்றைக்கு லீவு போட்டு வருவார். அவர் முன்னால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்பதை நினைத்து ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பரிசு ஐந்து லிட்டர் குக்கர் என்று கேள்வி. அம்மா அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டார். பரவாயில்லை, நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் அன்பையும் சொல்லவும். தங்கள் இல்லத்தில் யாருக்கும் முட்டி வலி வராமல் இருக்கட்டும். வந்தால் டாக்டரிடம் காட்டவும். அதன் பிறகும் துவையல் ஆசை இருந்தால் பச்சை மாறும் வரை வதக்கவும், நேரம் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
மா. தர்ஷினி.

பின்குறிப்பு: அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர் பெயரை முன்னெழுத்தாகப் போட்டு நான் எழுதும் எதையும் அனுப்புவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கரண்ட் இல்லாததால் வாசல் படியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். காகிதத்தைப் பார்த்தபடியே படித்ததால் நான் கவனிக்கவில்லை. ரெஜிஸ்டரில் தண்டை எழுதின இடம் வந்தபோது யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் நிறுத்தப் போனேன். "நீ படிம்மா" என்று அப்பா சொன்னார். ஸ்கேல் தேடின இடத்தில் சிரிப்பு அதிகமாகி, நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வீடும் எங்கள் வாசலில் நின்றது. சின்னராஜ் அண்ணன் சட்டை போடாமல் வந்திருந்தார். நாராயணம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் திட்டலைன்னு எழுதிக்கறா. திட்டினேன். சத்தம்தான் வரல. அதை மாத்து" என்றார். இரண்டாம் வீட்டில் அப்படியெல்லாம் பேசவே இல்லையாம், அதையும் மாற்ற வேண்டுமாம். சாப்பிட்டது நாற்பது பேர் இல்லை, நாற்பத்து மூன்று என்று சின்னராஜ் அண்ணன் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. முடிவு வரைக்கும் படித்துவிட்டேன்.

பதினெட்டு நிமிடம் ஆனது என்று சின்னராஜ் அண்ணன் செல்போனைக் காட்டினார். ஆகவே, மேலே கேட்டபடி என் பெயரை எடுக்க வேண்டாம். இரண்டு நிமிடம் போதாது, பதினெட்டு நிமிடம் தரவும். இந்தக் கடிதத்தையே படிக்கிறேன். எங்கள் வரிசையிலிருந்து பத்தொன்பது பேர் வருகிறார்கள், கேட்டில் பாஸுக்குச் சொல்லி வைக்கவும். மேடையிலேயே அடுப்பு வைத்து நாலு கிலோ வதக்கிக் காட்டலாமா என்று தங்களைக் கேட்கும்படி சின்னராஜ் அண்ணன் சொன்னார். அதற்கு மட்டும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாயால்தான் சொன்னேன்.